பைலட் பாஷை கொஞ்சம் கத்துக்கலாம்

விமானம் தரையிறங்குறதைப் பத்தி ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எதுக்கு இழை போடணும்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. போகப் போகச் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. சாயங்காலம் 5.40 மணி வாக்கில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஐஎக்ஸ் 613 கிளம்பியது. 141 பயணிகள். கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறுன்னு தகவல். அதுக்கப்புறம் ரெண்டரை மணி நேரம் அந்த விமானம் திருச்சி சுற்றுவட்டாரத்து வானத்திலேயே வட்டமடிச்சுது. கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையா நின்னுச்சு. ராத்திரி 8.15 வாக்கில் பத்திரமா இறங்கியது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.

திருச்சி எங்க வேளாங்கண்ணியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஆனா வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போற டெல்டா ஜனங்களுக்கு அதுதான் வாசப்படி. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் தெருவுக்கு ரெண்டு வீட்டுக்காவது அந்த ஏர்போர்ட்டோட ஒரு உறவு இருக்கும். அன்னிக்கு ராத்திரி டிவி முன்னாடி உக்காந்திருந்தவங்க எல்லாம் செய்தி பாத்தாங்கன்னு சொல்ல முடியாது. சொந்தக்காரங்களைத் தேடிக்கிட்டிருந்தாங்க.

அன்னிக்கு நான் டூட்டி. வெயிட்டிங் ஹால்ல டிவி ஓடுது. பி.பி. மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா, "தம்பி, எதுக்கு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கான்? எறக்க வேண்டியதுதானே? இவனுக்கு எறக்கத் தெரியலையா?"ன்னு கேட்டாங்க. அவங்க மகன் அதுல இல்ல. ஆனா மூணு மாசம் முன்னாடி அதே ஊருக்குப் போயிருந்தான். எனக்கு அப்போ பதில் தெரியல. டிவியில பேசினவங்களுக்கும் தெரிஞ்ச மாதிரி இல்ல. "சக்கரம் வெளிய வரல", "வயித்தால இறங்கப் போகுது"ன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தாங்க. சக்கரம் வந்துச்சு, வழக்கம் போலத்தான் இறங்கியது.

அதுக்கப்புறம் உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க, இது என் வேலையைப் பத்தின பாடப் புத்தகம் மாதிரியே இருந்துச்சு. அதான் இந்த இழை.

முதல்ல அந்த அம்மாவோட கேள்வி. ஏன் சுத்தணும்?

சார்ஜாவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல பயணம். அதுக்கான எரிபொருள் முழுசா ஏத்தியாச்சு. கிளம்பும்போது இருக்கிற எடையோட இறங்குறதுக்கு விமானத்தை வடிவமைக்கிறதில்ல. போயிங் 737-800 ரகத்துல கிளம்பும்போது அதிகபட்சம் 79 டன் வரைக்கும் இருக்கலாம். இறங்கும்போது 66 டன்னுக்குள்ள இருக்கணும். பெரிய விமானங்கள் சிலதுல எரிபொருளை வானத்திலேயே கொட்டிட வசதி உண்டு. 737-ல அது கிடையாது. எரிச்சுத்தான் தீக்கணும். மணிக்குச் சுமாரா ரெண்டரை டன் எரியும். கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த ரெண்டரை மணி நேரம் எங்கே போச்சுன்னு புரியும்.

எடை கூடினா வேகமா இறங்கணும், வேகமா இறங்கினா நிக்க அதிக தூரம் வேணும். ஹைட்ராலிக்னா எண்ணெயை அழுத்தத்துல குழாய் வழியா அனுப்பி, சக்கரம், பிரேக், இறக்கை மடிப்பு மாதிரி கனமான பாகங்களை இயக்குற ஏற்பாடு. நம்ம ஊர் ஜேசிபியோட கை தூக்குறதும் அதே தத்துவம்தான். 737-ல ஏ, பி ன்னு ரெண்டு அமைப்பும், மாற்றா ஒண்ணும் இருக்கு. ஒண்ணு போனா விமானம் விழாது. ஆனா பிரேக் முழு பலத்தோட பிடிக்குமான்னு சந்தேகம் வரும்போது, எடையைக் குறைச்சுட்டு இறங்குறதுதான் புத்தி. ரன்வே நீளத்தைக் கணக்குல வெச்சு எடை குறைக்கத்தான் சுத்தினாங்கன்னு நிறுவனமும் பிறகு சொன்னது.

அதாவது அந்த ரெண்டரை மணி நேரமும் பைலட்டுங்க இறங்கத் தெரியாம சுத்தல. இறங்குற வேலையைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? ஏர்போர்ட் அவங்க பக்கத்துல முழு அவசர நிலை அறிவிச்சாங்க. ஆனா விமானிகள் தரப்புல எமர்ஜென்சி அறிவிக்கலைன்னு நிறுவனம் சொன்னது. ரெண்டும் முரண் மாதிரி தெரியும். முரண் இல்ல. இங்கதான் பைலட் பாஷை ஆரம்பிக்குது.

பைலட்டுங்ககிட்ட ஆபத்தைச் சொல்ல ரெண்டு வார்த்தை உண்டு. 'மேடே' மூணு தடவை சொன்னா, உயிருக்கு உடனடி ஆபத்து, எல்லாரும் வழி விடுங்கன்னு அர்த்தம். 'பேன் பேன்' மூணு தடவை சொன்னா, பிரச்னை இருக்கு, அவசரம்தான், ஆனா இந்த நிமிஷமே உயிர் போற நிலை இல்லைன்னு அர்த்தம். 1920-களில் லண்டன் க்ராய்டன் ஏர்போர்ட்ல ரேடியோ அதிகாரியா இருந்த ஃபிரடெரிக் மாக்ஃபோர்டு, "எனக்கு உதவுங்க"ன்ற பிரெஞ்சுச் சொல்லோட ஓசையிலிருந்து மேடேவை உருவாக்கினார். அப்போ அங்கேயிருந்து நிறைய விமானம் பாரிஸுக்குத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ரெண்டு பக்கமும் புரியணுமில்ல.

கேஷுவாலிட்டியில நாங்க சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு நோயாளியைப் பிரிக்கிறோம். மேடேன்னா சிவப்பு. பேன் பேன்னா மஞ்சள். பெயரை வெச்சுட்டா அடுத்தவங்களுக்கு என்ன வேகத்துல ஓடணும்னு தெரிஞ்சுடும். "கொஞ்சம் சீரியஸ் சார்" ன்ற வார்த்தையை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்து, எது முதல்? பைலட் பயிற்சியில முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற வரிசை: ஏவியேட், நேவிகேட், கம்யூனிகேட். முதல்ல விமானத்தைப் பறக்க வை. ரெண்டாவது எங்கே போறோம்னு பாரு. பேசுறது மூணாவது. எங்களுக்கு ஏர்வே, பிரீத்திங், சர்க்குலேஷன். மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். கால் உடைஞ்சு எலும்பு வெளிய தெரிஞ்சாலும் முதல்ல தொண்டையைத்தான் பாப்போம். கூட வந்தவங்க "காலைப் பாருங்க, காலைப் பாருங்க"ன்னு கத்துவாங்க. கத்தத்தான் செய்வாங்க. கண்ணுக்குத் தெரியுறது காலுதானே.

கண்ணுக்குத் தெரியுற ஒண்ணுலேயே மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? 1978 டிசம்பர் 28. அமெரிக்காவில் யுனைடெட் 173. போர்ட்லாண்டில் இறங்கும்போது சக்கரத்துல கோளாறு மாதிரி தெரிஞ்சுது. ஐஎக்ஸ் 613 மாதிரியே இவங்களும் வட்டமடிச்சாங்க, ஒரு மணி நேரம். சக்கரத்தைப் பத்தியே யோசிச்சாங்க. எரிபொருள் குறையுதுன்னு ஃப்ளைட் இன்ஜினியர் சொன்னது கேப்டன் மண்டையில ஏறல. இன்ஜின்கள் ஒவ்வொண்ணா நின்னு, ஏர்போர்ட்டுக்குச் சில மைல் முன்னாடி விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தாங்க. சுத்துறதும் சரி, இறங்குறதும் சரி. கடிகாரத்தையும் எரிபொருளையும் ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும், அவர் சொன்னா மத்தவர் காது கொடுக்கணும். திருச்சி வானத்துல அது நடந்தது. நாம அதைத் திகில் படமா பாத்துட்டோம்.

சரி, இறங்குறதுக்கு வருவோம்.

ரன்வேயை நோக்கி நேரா வர்ற கடைசிக் கட்டத்துக்கு 'ஃபைனல்'னு பேரு. வர்ற சரிவுக்கு 'க்ளைட் ஸ்லோப்'. வழக்கமா 3 டிகிரி. 19 மீட்டர் முன்னாடி போனா 1 மீட்டர் கீழ. அவ்வளவு மெல்லிய சரிவு. ரன்வே ஓரத்துல நாலு விளக்கு இருக்கும். ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்பு தெரிஞ்சா சரியான சரிவு. நாலும் வெள்ளைன்னா ரொம்ப உயரம். நாலும் சிவப்புன்னா ரொம்பத் தாழ்வு, உடனே சரி பண்ணணும். எவ்வளவு எளிமை பாருங்க. இதுக்கு 'பாப்பி'ன்னு பேரு.

தரைக்குச் சுமார் 1,000 அடி உயரத்துல ஒரு பரிட்சை. வேகம் சரியா? சரிவு சரியா? சக்கரம் இறங்கியாச்சா? இறக்கை மடிப்பு விரிஞ்சாச்சா? எல்லாம் சரின்னா அதுக்கு 'ஸ்டேபிள் அப்ரோச்'. ஒண்ணு சரியில்லைன்னாலும் 'அன்ஸ்டேபிள்'. அன்ஸ்டேபிள்னா ஒரே வழிதான்: 'கோ அரவுண்ட்'. முழு விசை கொடுத்து, மூக்கைத் தூக்கி, திரும்ப மேலே போய், சுத்திக்கிட்டு மறுபடி வரணும். சமாளிச்சுக்கலாம்ன்ற பேச்சே கிடையாது.

கடைசி 30 அடியில மூக்கை லேசா தூக்கி, இறங்குற வேகத்தைத் தணிக்கிறதுக்கு 'ஃப்ளேர்'. கொக்கு வயல்ல இறங்குறதைப் பாத்திருக்கீங்களா? தரை கிட்ட வந்ததும் உடம்பை நிமித்தி, இறக்கையை விரிச்சு ஒரு நொடி நிக்கும் பாருங்க, அதேதான். நடவு முடிஞ்ச வயல்ல ஒரு நாளைக்கு நூறு ஃப்ளேர் பாக்கலாம். அப்புறம் சக்கரம் தரையைத் தொடுறது 'டச்டவுன்'. அது ரன்வேயோட முதல் பகுதியிலேயே நடக்கணும். அந்த இடத்துக்கு 'டச்டவுன் ஸோன்'. தாண்டிப் போய் தொட்டா, நிக்க இடம் பத்தாது.

இங்க ஒரு சின்ன விலகல். மெத்துன்னு இறக்கினா நல்ல பைலட், தொம்முன்னு இறக்கினா மோசமான பைலட்னு நமக்கு ஒரு நெனப்பு. மழையில ரன்வே ஈரமா இருந்தா கொஞ்சம் அழுத்தமா இறக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க. தண்ணிப் படலத்தைக் கிழிச்சு டயர் தரையைப் பிடிக்கணும். மெத்துன்னு இறக்கப் போய் ரன்வேயில மிதந்துக்கிட்டே தூரத்தைத் தின்னுட்டா அதுதான் ஆபத்து. "அந்த டாக்டர்கிட்ட போனா ஒரு ஊசி போடுவாரு, உடனே கேக்கும், இவரு மாத்திரை எழுதி அனுப்பிட்டாரு"ன்னு சொல்றீங்களே, அதே கணக்கு. வைரஸ் காய்ச்சலுக்கு ஊசி எதுக்குன்னு நானும் பத்து வருஷமா சொல்லிப் பாக்கிறேன்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பக்கவாட்டுல காத்து அடிக்கும்போது விமானம் மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு, உடம்பைக் கோணலா வெச்சுக்கிட்டே நேர்கோட்டுல வரும். அதுக்குப் பேரு 'க்ராப்'. நண்டு! எங்க ஊர் கடற்கரையில சாயங்காலம் வந்து நின்னா இந்தப் பாடத்தை இலவசமா படிக்கலாம். பாக்குறது ஒரு பக்கம், போறது ஒரு பக்கம். தரையைத் தொடுறதுக்கு முந்தின நொடியில மூக்கை ரன்வேக்கு நேரா திருப்பணும்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அன்னிக்குச் சென்னையில இண்டிகோ விமானம் ஒண்ணு இறங்கப் பாத்த வீடியோ நினைவிருக்கா? மும்பையிலிருந்து வந்த விமானம். ரன்வேக்குச் சில அடி மேல இறக்கை சாயுது, தள்ளாடுது, அடுத்த நொடி இரைச்சலோட மேல கிளம்பிப் போயிடுச்சு. "நூலிழையில் தப்பியது"ன்னு தலைப்பு போட்டாங்க. என் ஃபோனுக்கே பத்துப் பேர் அனுப்பிச்சாங்க. அந்த நேரத்துல இறக்க முயற்சி பண்ணிருக்கணுமான்றது தனிக் கேள்வி. ஆனா நீங்க பாத்த அந்த மேல கிளம்பினது இருக்கு பாருங்க, அதுதான் கோ அரவுண்ட். விமானி செஞ்ச சரியான காரியத்தைத்தான் நாம பயந்து பயந்து ஃபார்வர்டு பண்ணினோம்.

சரியானது இவ்வளவு எளிமையா இருக்கே, அப்போ ஏன் விபத்து நடக்குது?

2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த ஐஎக்ஸ் 812. ரொம்ப உயரமா வந்துட்டாங்க. கேப்டன் வழியில ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தூங்கி எழுந்திருச்சவர். துணை விமானி கோ அரவுண்ட் போகச் சொன்னார், ஒரு தடவைக்கு மேல. கேப்டன் கேக்கல. பாதி ரன்வேயைத் தாண்டித்தான் சக்கரம் தொட்டது. மலை உச்சி ரன்வே. 166 பேரில் 158 பேர் இறந்தாங்க.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. இதுவும் துபாய் விமானம், ஐஎக்ஸ் 1344. கொரோனா காலத்துல ஊருக்குத் திரும்பினவங்க. மழை, ராத்திரி. முதல் தடவை இறங்க முடியாம சரியாகவே கோ அரவுண்ட் போனாங்க. ரெண்டாவது தடவை ரன்வேயோட இன்னொரு முனையிலிருந்து, பின்பக்கக் காத்தோட வந்தாங்க. 8,858 அடி ரன்வேயில 4,438 அடி தாண்டித்தான் தொட்டாங்க. மறுபடியும் மலை உச்சி ரன்வே. 21 பேர் போயிட்டாங்க, ரெண்டு விமானிகளும் சேத்து. துணை விமானி கோ அரவுண்ட் சொல்லியும் இறக்கினாங்க, அவரும் கட்டுப்பாட்டைக் கையில எடுக்கலன்னு விசாரணை அறிக்கை சொல்லுது.

அந்த அறிக்கையில டாக்டரா என்னை உறுத்தின ஒரு பத்தி உண்டு. கேப்டன் பரிந்துரை இல்லாம பல சர்க்கரை மாத்திரைகள் எடுத்துக்கிட்டிருந்திருக்கார். அதனால சர்க்கரை லேசா இறங்கி, சிக்கலான முடிவெடுக்குற திறன் மங்கியிருக்கலாம்னு எழுதியிருக்காங்க. சர்க்கரை குறைஞ்சா மயக்கம் வரும்னுதான் நமக்குத் தெரியும். மயக்கம் வர்றதுக்கு முன்னாடியே யோசனை குழம்பும். பஸ் ஓட்டுறவங்க, லாரி ஓட்டுறவங்க, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னு மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்காதீங்க. இந்த இழையில வேற எதை மறந்தாலும் பரவாயில்ல.

உலக அளவுல பறப்புப் பாதுகாப்பு அறக்கட்டளை பாத்த கணக்குல, அன்ஸ்டேபிளா வர்ற நூறு விமானத்துல கோ அரவுண்ட் போறது மூணோ என்னவோதான். மிச்சம் 97 பேரும் சமாளிச்சு இறக்கிடுறாங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகுறதில்ல. ஒண்ணும் ஆகாததுதான் பிரச்னை. போன தடவை சமாளிச்சோம், இந்தத் தடவையும் ஆயிடும்ன்ற பழக்கம். அதனாலதான் பல நிறுவனங்கள்ல, ஏன் கோ அரவுண்ட் போனேன்னு யாரும் விமானியைக் குத்தம் சொல்லக் கூடாதுன்னு விதியே வெச்சிருக்காங்க.

இப்போ ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.

2005 மார்ச் 29. இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலின்னு ஒரு பெண். வயசு 37, ரெண்டு குழந்தை. சைனஸுக்குச் சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைச்சுக்கிச்சு. அனுபவசாலி டாக்டர்கள் குழாய் போட முயற்சி பண்றாங்க. போகல. மறுபடி. மறுபடி. ஆக்சிஜன் தரைக்கு வந்தாச்சு. கழுத்துல துளை போட்டு மூச்சு கொடுக்குற செட்டை ஒரு நர்ஸ் கொண்டு வந்து, தயாரா இருக்குன்னு சொன்னாங்க. இன்னொருத்தர் ஐசியூவுல படுக்கை ஏற்பாடு பண்ணினாங்க. டாக்டர்கள் காதுல எதுவும் விழல. குழாய்லயே நின்னாங்க. 13 நாள் கழிச்சு எலைன் இறந்தாங்க.

எலைனோட கணவர் மார்ட்டின் ப்ரோமிலி யாரு தெரியுமா? விமானி. அவர் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பணும்னு கிளம்பல. எங்க தொழில்ல இப்படி நடந்தா, ஏன் நடந்ததுன்னு பிரிச்சுப் பாப்போமே, நீங்க ஏன் பாக்கலைன்னு கேட்டார். 2007-ல அதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். உலகம் பூரா மயக்க மருத்துவப் பயிற்சியில இன்னிக்கு எலைன் கதையைச் சொல்லிக் கொடுக்கிறாங்க.

அந்த ரூம்ல கோ அரவுண்ட் சொன்னது நர்ஸுங்கதான். சொன்ன விதம்தான் கோ அரவுண்ட் மாதிரி இல்ல.

நம்ம ஊர்ல எப்படிச் சொல்வாங்க? "சார், சாச்சுரேஷன் கொஞ்சம் கம்மியா காட்டுது சார்." ஒரே வாக்கியத்துல ரெண்டு சார், ஒரு 'கொஞ்சம்', ஒரு 'காட்டுது'. நோயாளி நீலமாயிட்டிருப்பாரு! மரியாதை நல்ல விஷயம்தான். ஆனா மரியாதை முழுசா முடியறதுக்குள்ள மூளைக்கு ஆக்சிஜன் தீந்துடும். விமானத்துல பக்கத்துல இருக்கிறவர் சொல்ல வேண்டிய வார்த்தை முன்கூட்டியே எழுதி வெச்சது: "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்." எதிர்ல இருக்கிறவர் முப்பது வருஷ அனுபவசாலியா இருந்தாலும் உடனே மேல போயாகணும். விவாதம் எல்லாம் மேல போன பிறகுதான்.

எங்க சின்ன ஆஸ்பத்திரியில நடந்த ஒண்ணு சொல்றேன். ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். விடியக்காலை. தரையில பாய் போட்டுப் படுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி. வயித்து வலின்னு வந்தார். கண்ணிமை சரியுது, பேச்சு குழறுது. கடிச்ச தடம் ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. டெல்டாவில வேலை பாக்குற எந்த டாக்டரும் இதைப் பாத்ததும் கட்டுவிரியன்னு சொல்லிடுவாங்க. விஷமுறிவு மருந்து ஏத்த ஆரம்பிச்சோம், ஆனா மூச்சுத் தசை தளர்ந்துக்கிட்டே வருது. குழாய் போடணும்.

லாரிங்கோஸ்கோப்பை எடுக்கிறதுக்கு முன்னாடியே சிஸ்டர்கிட்ட சொன்னேன்: "அக்கா, முப்பது செகண்ட் எண்ணுங்க. முடியலைன்னா நிறுத்துங்கன்னு சத்தமா சொல்லுங்க." அவங்க எங்களை விட இருபது வருஷம் சீனியர் அனுபவத்துல. எண்ணினாங்க. எச்சில் நிறைய, சரியா தெரியல. இன்னும் ஒரு அஞ்சு செகண்ட் கிடைச்சா போட்டுடலாம்னு கை சொல்லுது. எல்லா டாக்டர் கையும் அப்போ அப்படித்தான் சொல்லும்.

"நிறுத்துங்க டாக்டர். பேக் பண்ணுங்க."

சார் இல்ல, கொஞ்சம் இல்ல. வெளிய எடுத்தேன். மாஸ்க் வெச்சு ஆம்பு பேக் அழுத்தினோம். 78-ல இருந்த சாச்சுரேஷன் மெதுவா 97-க்கு ஏறுச்சு. எச்சிலை உறிஞ்சி எடுத்தோம், தலையணையை மாத்தி வெச்சோம். ரெண்டாவது தடவை குழாய் சரியா உள்ள போச்சு. இடையில ஒரு நிமிஷம்கூட அவர் மூளை பட்டினி கிடக்கல. கோ அரவுண்ட்னா இதுதான். ஏர்போர்ட் மாறல, பைலட் மாறல. மேல போய், சரிப் பண்ணிக்கிட்டு, திரும்ப வந்தோம்.

ஆனா பாதி வேலைதான் முடிஞ்சுது. எங்ககிட்ட வென்டிலேட்டர் வெச்சு நாள் கணக்கா பாக்குற வசதி இல்ல. 108-ல ஏத்தி, பேக் அழுத்திக்கிட்டே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். இதுக்கும் பைலட் பாஷையில ஒரு வார்த்தை உண்டு: 'டைவர்ஷன்'. போக வேண்டிய இடத்துல இறங்க முடியலைன்னா வேற ஏர்போர்ட். ஒவ்வொரு விமானமும் கிளம்பும்போதே 'ஆல்டர்னேட்' எதுன்னு எழுதிட்டுத்தான் கிளம்பும். அங்கே போகத் தேவையான எரிபொருளும், அதுக்கு மேல அரை மணி நேரம் பறக்குறதுக்கான எரிபொருளும் வயித்துல இருக்கணும். கடைசி நிமிஷத்துல யோசிக்கிற விஷயமே இல்ல அது.

நாங்க ரெஃபர் எழுதும்போது கேக்குற பேச்சு இருக்கே! "இங்க ஒண்ணும் பாக்க மாட்டாங்க, தள்ளி விட்டுடுவாங்க." "தெரியாத டாக்டரை எல்லாம் எதுக்கு வெச்சிருக்காங்க?" ரெண்டு மணி நேரம் முன்னாடியே அனுப்பியிருக்க வேண்டிய நோயாளியை, இந்தப் பேச்சுக்குப் பயந்துக்கிட்டு வெச்சுப் பாக்குற டாக்டர்களும் உண்டு. அது அன்ஸ்டேபிளா இறக்குறது. அடிச்சு உடைச்ச ஆஸ்பத்திரிகளைப் பத்திச் செய்தி வரும்போதெல்லாம் எல்லா டாக்டரும் அடுத்த ரெஃபரைக் கொஞ்சம் சீக்கிரமோ கொஞ்சம் தாமதமோ எழுதுறாங்க. ரெண்டுமே நோயாளிக்கு நல்லதில்ல. தேவையில்லாம தள்ளி விடுற ரெஃபரும் நடக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, கடைசியில சொல்றேன்.

எங்க ஊர் கோயிலோட பாரம்பரியக் கதையே ஒரு தரையிறக்கம்தான். புயல்ல மாட்டின போர்ச்சுகீசிய மாலுமிகள் போக வேண்டிய துறைமுகத்துக்குப் போகல. இந்தக் கரையில வந்து சேந்தாங்க. செப்டம்பர் 8. அந்த நாளுக்குத்தான் வருஷா வருஷம் இத்தனை லட்சம் ஜனம் வருது. தமிழ்ல 'கரை சேர்றது'ன்னு சொல்றோமே, எந்தக் கரைன்னு அதுல சொல்லவே இல்ல பாருங்க.

இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு முடிக்கிறேன். ஒண்ணு, 'ஸ்டெரைல் காக்பிட்'. 10,000 அடிக்குக் கீழே விமானிகள் வேலை தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. சாப்பாடு, சம்பளம், கிரிக்கெட் எதுவும் கிடையாது. கேஷுவாலிட்டியில அவசர சிகிச்சை நடக்கும்போது கூட வந்தவங்க பதினஞ்சு பேரும் உள்ளே வராம இருந்தா எங்களுக்கு அந்த 10,000 அடி கிடைக்கும். ஒருத்தர் போதும். அழாம பேசக்கூடிய ஒருத்தர்.

ரெண்டாவது, 'ஐ ஹேவ் கண்ட்ரோல்', 'யூ ஹேவ் கண்ட்ரோல்'. ஒருத்தர்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்குக் கட்டுப்பாடு மாறும்போது ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும். விமானம் யார் கையில இருக்குன்னு ஒரு நொடி கூடச் சந்தேகம் இருக்கக் கூடாது. நோயாளி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொண்ணுக்குப் போகும்போதும் அப்படித்தான் இருக்கணும்.

அதனால உங்க வீட்டு ஆளை எந்த ஆஸ்பத்திரியாவது ரெஃபர் பண்ணினா சண்டைக்குப் போகாதீங்க, மூணு கேள்வி கேளுங்க. அங்கே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டீங்களா, யார்கிட்ட சொன்னீங்க? என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீங்கன்னு சீட்டுல எழுதியிருக்கா? வழியில என்ன ஆனா என்ன பண்ணணும், கூட யாரு வர்றாங்க? மூணுக்கும் பதில் இருந்தா அது டைவர்ஷன், தைரியமா கிளம்புங்க. பதில் இல்லைன்னா, இருந்த இடத்திலேயே நின்னு பதில் வர்ற வரைக்கும் மரியாதையா, ஆனா 'கொஞ்சம்' எல்லாம் போடாம, திரும்பக் கேளுங்க. மூச்சுத் திணறல் மாதிரி ஆபத்தா இருந்தா ஆளை வண்டியில ஏத்திக்கிட்டே கேளுங்க. ரெஃபர் சீட்டை நோயாளியோட தலைமாட்டுல வெக்காதீங்க, காத்துல பறந்துடும். பேச்சாளா இருக்கிறவர் சட்டைப் பையில இருக்கட்டும்.